எத்தனை மாசம்?

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். இந்த பெங்காலி ஊர்ல நம்ம காப்பிப்பொடி கிடைக்கற லேக் மார்க்கெட்டுக்குப் போய், அரைச்சு வாங்கிண்டு வரணும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் நான் தனியா பஸ் ஏறினது அன்னிக்குத்தான். குடல்ல கட்டின்னு அறுத்து, வயித்துல இடது பக்கம் புதுசா ஒரு வாசல் வெச்சு, அதுமேல ஒரு பையை மாட்டி அனுப்பியிருந்தா. சாப்பிட்டது எல்லாம் கடைசியில அந்தப் பைக்குத்தான் வந்து சேரும். தெருவுல யாருக்கும் சொல்லலை. ஆஸ்பத்திரியில இருந்த நாளெல்லாம் மெட்ராஸ் போயிருக்கான்னு எங்காத்துக்காரர் சொல்லி வெச்சிருந்தார்.

பையை பெல்ட்டால கட்டி, புடவையைத் தளர்த்திச் சொருகிண்டா வெளியில தெரியாதுன்னு என் நெனப்பு.

காலம்பர மொச்சைக் குழம்பு சாப்பிட்டேன். புத்தி எங்கே போச்சோ.

மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம். பஸ் ஒவ்வொரு பள்ளமா இறங்கி ஏறித்து. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பை எண்ணெயில போட்ட லூச்சி, அதான் பெங்காலிப் பூரி, மாதிரி உப்பிண்டே வந்தது. பெண்கள் ஸீட்டுல எதிர் ஃப்ளாட் பௌதி உக்காந்திருந்தா. பௌதின்னா அண்ணி, தெருவுக்கே அவ அண்ணி. ரொம்ப நாள் ஜாம்ஷெட்பூர்ல பொண்ணாத்துல இருந்துட்டு அப்போதான் திரும்பியிருந்தா.

என் வயித்தைப் பார்த்தா. சட்டுனு எழுந்து என்னை உக்கார வெச்சா. குனிஞ்சு காதுகிட்ட பெங்காலில கேட்டா, "எத்தனை மாசம் ஆச்சு?"

சரிதான், எப்படியோ ஆபரேஷன் விஷயம் கசிஞ்சுடுத்துன்னு நெனச்சேன்.

"ஆறு."

"டாக்டர் பஸ்ல போகலாம்னாரா?"

"நடமாடினா நல்லதுன்னார்."

"உங்காத்துக்காரர் என்ன சொல்றார்?"

"முதல்ல ஆடிப்போயிட்டார். இப்போ பழகிடுத்து. இந்த வயசுல கேட்டா வாங்கிண்டோம், பௌதி? வந்ததைத் தாங்கிக்க வேண்டியதுதான்."

அவளுக்குக் கண் கலங்கிடுத்து. அந்த நேரம் பார்த்து பை குர்ர்னு ஒரு சத்தம் போட்டுது. எனக்கு உயிரே போச்சு. பௌதி என் தோளைத் தட்டி, நல்லா துறுதுறுன்னு இருக்குன்னா.

இது என்ன பாராட்டோ, புரியலை. ஆனாலும் சந்தோஷமாத்தான் இருந்தது.

சாயங்காலம் இவர் ஆபீஸ்லேர்ந்து பேயறைஞ்ச மாதிரி வந்தார். தெருமுனையில நாலு பேர் நிறுத்திக் கை குலுக்கினாளாம். மருந்துக் கடைக்காரர் கண்ணடிச்சாராம். எங்க பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். சம்பந்தி அடுத்த தெரு.

"பஸ்ல என்னடி சொல்லித் தொலைச்சே?"

சொன்னதை எல்லாம் ஒண்ணுவிடாம ஒப்பிச்சேன். ஒப்பிக்கும்போதுதான் எனக்கே புரிஞ்சுது.

சம்பந்தி காதுக்குப் போறதுக்கு முன்னாடி எதிர் ஃப்ளாட்டுக்கு ஓடினேன். பௌதி மடியில மஞ்சள் கம்பளி நூல். குட்டியா ஒரு ஸ்வெட்டருக்கு ஆரம்பம் போட்டிருந்தா. எனக்கு பெங்காலியும் வரலை, தமிழும் வரலை. கதவைச் சாத்திட்டு, புடவையைத் தளர்த்திக் காட்டிட்டேன். டாக்டருக்கும் இவருக்கும் அப்புறம் அதைப் பார்த்த மூணாவது ஆள் அவதான். மூக்கைப் பொத்திக்கப் போறான்னு காத்துண்டு நின்னேன்.

பௌதி கண்ணாடியைப் போட்டுண்டு கிட்ட வந்து பார்த்தா.

"அப்போ எது ஜீரணமாச்சு, எது ஆகலைன்னு கண்ணாலயே பார்த்துடலாமா?" குரல்ல கொஞ்சம் பொறாமை. இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஜீரணத்தை விடப் பெரிய கவலை கிடையாது.

மொச்சை, முட்டைக்கோஸ், பால்னு ஒவ்வொண்ணா விசாரிச்சா. கிளம்பும்போது, தெருவுக்கு நானே சொல்லிடறேன், நீ கவலைப்படாதேன்னா. சொன்னா. ஒரு வீடு பாக்கியில்லாம சொன்னா.

மறுநாள் மேல் மாடி ரிடையர்டு ஜட்ஜ் கதவைத் தட்டினார். வயிறு எப்படி இருக்குன்னு ரொம்ப அக்கறையாக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் தன்னோட வாயுத் தொல்லையை ஆரம்பிச்சு, அம்பல்னு இவா சொல்ற நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம்னு மத்தியானம் வரைக்கும் பேசிட்டுப் போனார்.

அப்புறம்தான் எனக்கு நிம்மதி வந்தது: இந்தத் தெருவுல என் வயித்துல ஒரு விசேஷமும் இல்லை.