மந்திரி பின்னே நடந்த மாவீரர்

டமார்!

படுக்கையறைக் கதவு சாத்தப்பட்ட வேகத்தில் அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன. கதவுக்கு அப்பாலிருந்து ஒரு பிரகடனம் முழங்கியது.

"நாலு மணிக்கு இறகுப்பந்து ஃபைனல். நாலு அடிச்சா டிவி என்னோடது. 'இன்னும் அஞ்சே நிமிஷம்'ங்கிற பாட்டெல்லாம் இன்னிக்கு எடுபடாது, சொல்லிட்டேன்!"

முழங்கியவள் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரி நர்ஸ். சொன்னால் சொன்னதுதான்.

வாழ்க நம் நாயகர்! பதினேழாம் எண் பேருந்தின் சாரதி, ஹாரன் முழக்கத்தால் எண்திசையையும் ஒதுங்கி நிற்கச் செய்பவர், வாரம் ஆறு நாளும் போன வழியே வந்து வந்த வழியே போகும் பெருந்தவத்தார், இதோ ஞாயிற்றுக்கிழமை மதியம், பனியனே கவசமாக, சோபாவே தேராக, வீடியோ கேம் கன்ட்ரோலரே வாளாகக் களத்தில் அமர்ந்துவிட்டார்! அவர் கேட்டது பொன்னா, மணிமுடியா? இல்லை. தன் இஷ்டத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அந்த வீடியோ கேமை வாங்கினார். அட்டைப் படத்தில் எல்லையற்ற புல்வெளி, குதிரைமேல் வீரன், கீழே 'உன் பாதை உன் கையில்' என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்ததோ ஒரே ஒரு சந்து! இருபுறமும் பாறை; பாறை இல்லாத இடத்தில் வேலி; வேலியும் இல்லாத இடத்தில் முழங்கால் உயரச் செடி. மூன்று தலை நாகத்தை முக்கால் நிமிடத்தில் கண்டதுண்டமாக்கிய மாவீரனால் அந்தச் செடியைத் தாண்ட முடியவில்லை. முட்டினான், மோதினான், வாளால் வெட்டினான். இலைகூட அசையவில்லை.

மனம் நொந்து, அதைச் சிபாரிசு செய்த மைத்துனனுக்குப் போன் போட்டிருந்தார்.

"அவசரப்படாதீங்க மாமா. இருபது மணி நேரம் தாண்டுனா அப்படியே உலகமே திறந்துக்கும்."

"இருபது மணி நேரத்துல நான் பஸ்ஸையே ஓட்டிக்கிட்டுக் கடலுக்குப் போயிருவேன்டா!"

என்றாலும் பொறுத்தார். பத்தொன்பதரை மணி நேரம் பொறுத்தார். மிச்சம் இருந்தது கோட்டை வாசல் வரையிலான கடைசி வழி. அந்த வழியில்தான் வாய்த்தார், மலை சரிந்தாலும் நடை மாறாத மந்திரி!

வம்ச வரலாறு சொல்லிக்கொண்டே நடக்கும் மந்திரிக்குப் பின்னாலேயே வீரன் போக வேண்டும். வீரன் ஓடினால் மந்திரியை முந்திவிடுவான். உடனே அவர் நின்று, திரும்பிப் போய், வம்ச வரலாற்றை முதலிலிருந்து தொடங்குவார். வீரன் நடந்தால் பின்தங்கிவிடுவான். அப்போதும் அதே வரலாறு, அதே முதல் வரி. ஓட்டத்துக்கும் நடைக்கும் இடையே ஒரு வேகம் படைக்கப்படவே இல்லை. ஆடியதைச் சேமிக்க வாசலில் உள்ள விளக்கை ஏற்றியாக வேண்டும். மூன்று ஞாயிறுகள், விளக்குக்கு எட்டும் முன்பே நாலு மணி அடித்திருந்தது. மூன்று தடவையும் அத்தனை நடையும் பாழ்.

மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. வீட்டுக்காரி வந்து நின்று திரையை உற்றுப் பார்த்தாள்.

"யாருங்க அந்தாளு? மூட்டு வலியா?"

"மந்திரி."

"மந்திரின்னா கார் கிடையாதா?"

அக்கணம் நாயகர் கண்ணுக்கு மந்திரி மந்திரியாகத் தெரியவில்லை; காலை ஏழரை மணிக்குப் பாலத்தில் தனக்கு முன்னால் ஊர்ந்து போகும் தண்ணீர் லாரியாகத் தெரிந்தார். அதை முந்தவும் முடியாது, விட்டுப் பிரியவும் முடியாது. அங்கே என்ன செய்வார்? அரை கிளட்ச்! ஆகா, பதினெட்டு ஆண்டுகள் இடது பாதத்தில் குடியிருந்த அந்த மகாவித்தை இடது கட்டைவிரலுக்கு ஏறியது. அமுக்கினார், விட்டார், பாதி அமுக்கினார், கால்வாசி விட்டார், வீரன் ஓடாமலும் நடக்காமலும், லாரிக்குப் பின்னால் நகரும் பேருந்தைப் போல, மந்திரியின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி, குலுங்காமல், உறுமாமல் நகர்ந்தான். பாட்டன் போரிட்டான், பூட்டன் மாண்டான், வம்ச வரலாறு வரலாற்றிலேயே முதல் முறையாக முடிவுக்கு வந்தது!

"ரெண்டு நிமிஷம்தான் இருக்குங்க," என்றாள் அவள். ஆனால் ரிமோட்டை எடுக்கவில்லை.

விளக்கு எரிந்தது. கோட்டைக் கதவு இடியென முழங்கித் திறந்தது. அட்டையில் போட்டது பொய்யில்லை: வலப்புறம் கடல், இடப்புறம் காடு, எதிரே பனிமலை, நடுவில் அடிவானம் வரை புல். பாறையில்லை, வேலியில்லை, ஒரு செடிகூடக் குறுக்கே இல்லை. சேணமிட்ட வெண்குதிரை ஒன்று காத்து நின்றது. நாயகர் வீரனை அதன்மேல் ஏற்றினார்.

குதிரை நின்றது. கொஞ்சம் புல் மேய்ந்தது. நாயகரின் விரல் அசையவில்லை. ஒரு நிமிடம் முழுதாகக் கழிந்தது.

மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... இப்ப நம்மள எந்தப் பக்கம் போகச் சொல்றாங்க?"