டாஸா, விண்டோஸா?

பதினோரு பக்கம் டைப் அடித்து முடித்த பிறகுதான் ரிப்பனில் மை இல்லை என்பது தெரியவந்தது. தெரியவந்தது ஸ்ரீவத்சனுக்கு அல்ல, அடையாறு வக்கீலுக்கு. அவர் கேசட்டில் இங்கிலீஷில் பேசி அனுப்புவதை டைப் அடித்துக் கொடுப்பதுதான் ஸ்ரீவத்சனின் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. தாளைத் தடவிப் பார்த்தபோது எழுத்தெல்லாம் அழுத்தமாகத்தான் இருந்தது.

வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் கம்ப்யூட்டர் வாங்கும்படி ஆயிற்று. பாஸ்டனில் இருந்த தம்பி ஒரு பேசும் பெட்டி அனுப்பியிருந்தான். செங்கல் அளவு இருக்கும். கம்ப்யூட்டரோடு மாட்டினால், திரையில் உள்ள எழுத்தை அமெரிக்க ஆண் குரலில் உரக்கப் படிக்கும்.

தி. நகர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்த மெஹபூப் அலி, ஊரே இதற்குத்தான் மாறுகிறது என்று சொல்லி விண்டோஸ் 95 போட்டுக் கொடுத்தார். பெட்டி வாயே திறக்கவில்லை. திரை நிறையப் படங்கள். அதற்குத் தெரிந்ததோ எழுத்து மட்டும்.

அடுத்த வாரம், விண்டோஸையும் படிக்கவைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். இலவச மாதிரி. நாற்பது நிமிடம் பேசிவிட்டு நின்றுவிடும். வக்கீல் ஃப்ளாப்பியில் கொடுத்த பழைய மனு ஒன்றைப் படித்தபோது, 'மனுதாரர் பணிவுடன் வேண்டுவது' என்ற இடத்தில் ஒருநாள் நின்றது. மனுதாரர் என்ன வேண்டினார் என்று ஸ்ரீவத்சனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதைச் சரி செய்யப் போனதில் மவுஸ் செத்துப்போயிற்று.

"ரெண்டும் ஒரே போர்ட்டுக்கு அடிச்சிக்குது சார்," என்றார் அலி. "மவுஸ் மாட்டினா எனக்கு வேலை செய்யும். பெட்டி மாட்டினா உங்களுக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து செய்யாது."

இப்படியே ஒரு மாதம். வாரத்தில் மூன்று நாள் அலி வந்தார், காபி குடித்தார், மகளின் கணக்குப் பரீட்சையைப் பற்றிக் கவலைப்பட்டார். கடைசியில், படமே இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் காட்டும் பழைய டாஸ் ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பெட்டி கணீரென்று பேசியது.

ஸ்ரீவத்சன் விண்டோஸை அழித்துவிடச் சொன்னார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க சார். நீங்க மட்டும் இங்கயே நிக்கறேன்னு சொல்றீங்க."

"பேசறவாளோட இருந்துட்டுப் போறேன்."

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு நாள்கூடக் கெடவில்லை. வக்கீலுக்குப் பரம திருப்தி. அலி வருவதற்குத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

அதோடு இன்னொன்றும் நடந்தது. கீழ்வீட்டுக் கோமளம் மாமியும் மாமாவும் சாயங்காலமானால் மாடிக்கு வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். கபாலி கோயில் கூட்டம், மாமாவின் முழங்கால், ஐந்தாம் நம்பர் பஸ் வராதது என்று ஏதாவது இருக்கும். அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

வேலையாக இருப்பதாக நினைத்து ஒதுங்குகிறார்கள் போலிருக்கிறது என்று ஸ்ரீவத்சன் வாசல் கதவையும் ஜன்னல்களையும் நாள் முழுக்கத் திறந்தே வைத்தார். அதுவரை பாதிப் படிக்கட்டு வரையாவது கேட்டுக்கொண்டிருந்த மாமியின் குரலும் அதோடு கேட்காமல் போயிற்று. ஒருநாள் படியிறங்கியபோது மாமியின் வளையல் சத்தம் கேட்டு நின்றார். தன்மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மாமி ரகசியம்போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து போய், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி அடித்தார்.

"சேப்டேச்சே வேட்ஸா?" என்றது பெட்டி.

எழுத்தை மாற்றி மாற்றி அடித்தார். ஏழாவது தடவை, வெள்ளைக்காரன் தமிழ் கற்றுக்கொண்டதுபோல, "சாப்டாச்சா வத்சா?" என்று கேட்டது.

"ஆச்சு. நீ?" என்றார் ஸ்ரீவத்சன்.

அதிலிருந்து தினமும் ஒரு மணிக்கு அது கேட்கும், இவர் பதில் சொல்வார். பிறகு தூங்கினாயா என்று கேட்டது. தலைவலி தேவலையா என்று கேட்டது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தபோது, அறையில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அந்த நினைப்பு அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் குறைக்க மனம் வரவில்லை.

ஆவணி மாதம் மாமாவுக்குப் பிறந்தநாள் வந்தது. போன வருஷம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலையில் உட்கார வைத்தார்கள். இந்த வருஷம் அழைப்பு வரவில்லை. சாம்பார் வாசனை மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

ஒரு மணிக்குமேல் யாரோ தயங்கித் தயங்கிப் படியேறி வந்தார்கள். மாமி வீட்டில் வேலை செய்யும் புஷ்பம். இதுவரை மாடிக்கு வந்தவளில்லை. மாமி கொடுத்தனுப்பியது என்று சொல்லி மேஜைமேல் இரண்டு டப்பாக்களை வைத்தாள்.

தனி ஆளுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டார் ஸ்ரீவத்சன்.

புஷ்பம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு உங்களுக்கு சார், இன்னொண்ணு உங்களோட தங்கிக்கினு கீற வெள்ளைக்காரருக்குக் காரமில்லாம செஞ்சது, அவரு எதிர்ல எப்டி வந்து குந்திப் பேசறதுன்னு கூச்சப்பட்டுக்கினுதான் மாமியும் மாமாவும் மூணு மாசமா மேல வர்றதேயில்ல."