சபையில் குடிக்காத ஒருவர்

எர்ணாவூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள பாஸ்கல் மாமாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே மழை நின்று, தெருத் தண்ணீரும் வடிந்துவிட்டது. அங்கே நீங்களும் அத்தையும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் சொல்லவேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு "சரி மாமா" தவிர வேறு வார்த்தை வருவதில்லை, பி.காம். முடித்த பிறகும் அது மாறவில்லை. உங்களிடம் எதையும் வேண்டிக் கேட்டு எழுதவில்லை. அப்பா திருவிருந்தில் திராட்சை ரசத்தைத் தொடாமல் எழுந்து போனார், மறுபடி குடிக்கிறார் என்று எங்கள் சபைப் பூவம்மா அக்கா போன் செய்ததையும், கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்த அம்மா இனி வரமாட்டேன் என்றதையும் அறிந்தேன். அக்கா சொன்னது பாதி. மீதியை எழுதுகிறேன்.

எங்கள் போதகர் தவசிமுத்து ஐயாவை நீங்கள் பார்த்ததில்லை. குடித்தே செத்த தம்பியை அடக்கம் செய்த மாலையில் குடிக்காதீர்கள் என்று சொல்ல ஒரு சாராயக்கடை வாசலில் போய் நின்றவர், முப்பது வருஷமாக அப்படியே நிற்கிறார். மெதடிஸ்ட் சபையில் போதகர்களை ஊர் ஊராக மாற்றுவார்கள் அல்லவா, எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுச் சாவியை வாங்கும் முன் மதுக்கடை எங்கே என்றுதான் கேட்பாராம். ஒரு ஊரில் யாரோ அவர் அங்கியில் சாராயத்தை ஊற்ற, மாற்ற நேரமில்லாமல் அப்படியே போய்த் திருமணம் நடத்தி வைத்தார், பெண் வீட்டார் பேராயருக்குப் புகார் எழுதினார்கள். இங்கேயும் சனிக்கிழமைதோறும் நிற்கிறார். குடிக்க வருபவர்களே அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். குடியை விடுகிறவர் ஆராதனையில் எழுந்து நிற்கவேண்டும், குடிக்காத ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது அவர் வைத்த முறை. ஈஸ்டரில் அப்பா நின்றபோது பக்கத்தில் நின்றது ஐயாதான்.

திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சை ரசம்தான் எங்கள் வழக்கம். உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்டி பூவம்மா அக்கா ஜாடியில் வைத்திருந்தார். மழையில் கரண்ட் போய், கோயிலுக்குள் தண்ணீர் வந்து, ஆராதனை தள்ளித் தள்ளிப் போய், ரசமும் அந்தப் புழுக்கத்தில் அப்படியே இருந்துவிட்டது. அன்று வந்தவர்கள் குறைவு. ஜெபித்த ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது என்பது ஐயாவின் கண்டிப்பு, அதனால் கிண்ணங்களில் மீந்ததையெல்லாம் வெறும் வயிற்றில் அவரே குடித்தார். வெள்ளத்தில் நனைந்து அவருக்கு மூக்கடைப்பு வேறு. மற்றவர்கள் அக்கா கிராம்பு போட்டிருக்கிறார் என்று நினைத்தார்கள். ஐயா ஆசீர்வாதத்தை இரண்டு முறை கூறினார், முடிந்த பாட்டை மறுபடி பாடச் சொன்னார், சபையும் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு பாடியது. அப்பா மட்டும் கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோய், அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

வீடு திரும்பும் வழியில் அப்பாவிடம் ஏன் என்று கேட்டேன். "அது புளிச்சி சரக்காயிட்ச்சிம்மா," என்றார்.

"ஐயாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா யாரு நம்புவா? குடிகாரன் சாக்கு சொல்றான்னுவாங்க."

நான்தான் இரண்டு நாள் தயங்கி, ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜாடியின் அடியில், ஜெபத்துக்கு எடுக்காமல் மிச்சமிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் நியாயம் என்று சனிக்கிழமை அதைக் கடை வாசலுக்கே எடுத்துப் போனார். தினமும் அங்கே வரும் சுப்பராயன் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"சோக்கா கீது பாஸ்டரே. இன்னா பிராண்டு இது, நம்ம கடைல இல்லியே?"

"இதை நான் குடிச்சேன் சுப்பராயா. ரெண்டு டம்ளர்."

சுப்பராயன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாராம். "வுடு பாஸ்டரே. மொத தபா எல்லாருக்கும் இப்டித்தான். மோர் குடி, சரியாப் பூடும்."

ஐயா உட்காராமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

நேற்று ஆராதனையில் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நின்றார். "குடிச்சவன் நிக்கிறேன். குடிக்காதவர் ஒருத்தர் பக்கத்துல வரணும். போன வாரம் இந்தச் சபையில அப்படி ஒருத்தர்தான் இருந்தார்," என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். அப்பா எழுந்து போனார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஐயா ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். பூவம்மா அக்கா, "அப்ப நானுந்தான நிக்கணும்?" என்று அழுதுகொண்டே எழுந்தார், பிறகு சபை முழுவதும் எழுந்துவிட்டது. பக்கத்தில் நிற்க ஒரே ஆள் என்பதால் அப்பா வரிசை வரிசையாகப் போய் நின்றுவிட்டு வரவேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இனி ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்னால் ரசத்தை முகர்ந்து பார்ப்பது அப்பாவின் வேலை என்று ஐயா சொல்லிவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். அத்தைக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்,
ஷைனி

பி.கு.: எதையும் கேட்டு எழுதவில்லை என்று மேலே எழுதியது உண்மையில்லை. ஈஸ்டரில் நின்றவர்கள் கிறிஸ்துமஸில் மறுபடி நிற்கவேண்டும். அன்று பக்கத்தில் போதகர் நிற்பதில்லை, வீட்டார்தான் நிற்பார்கள். யார் நிற்பார்கள் என்று ஐயா கேட்டபோது அப்பா என்னைக் காட்டவில்லை, வாசலைப் பார்த்தார். அம்மாவை அனுப்பி வையுங்கள் மாமா.