ஊசி அவளுக்கு, மயக்கம் எனக்கு

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் இரண்டு வகை. "ஐயோ, எனக்குப் பயம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறவர்கள் ஒரு வகை. ஊசியைக் கண்டதும் காதில் போனை வைத்துக்கொண்டு, "ஹலோ, கேக்கல, இருங்க வெளிய வாறேன்" என்று நழுவுகிறவர்கள் இன்னொரு வகை. என் மனைவி சுகந்தி முதல் வகை. நான் எந்த வகை என்று அவளுக்குத் தெரிய, கல்யாணமாகி ஆறு வருடம் ஆனது.

நான் த்ரீவீலர் ஓட்டுகிறவன். பலாங்கொடை டவுனுக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு குழியும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டவர், குளவி கொட்டியவர், பிரசவ வலி வந்தவர் என்று எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அதனால் தோட்டத்தில் எனக்குத் 'தைரியசாலி' என்று பெயர். (அப்போதெல்லாம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?)

சுகந்தி தோட்டத்துப் புள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். அம்மாமார் கொழுந்து எடுக்க மலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. தடுப்பூசி போட மிட்வைஃப் வரும் நாளில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது இவள் வேலை. ஆனால் பிள்ளைகள்தான் இவளைப் பிடித்துக்கொள்ளும். முதல் அழுகை எப்போதும் இவளுடையதாகவே இருக்கும்.

இப்படிப்பட்டவள் வயிற்றில், ரொம்ப நாள் காத்திருந்து, ஒரு பிள்ளை வந்தது. வந்த பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல், பஸ்ஸில் சீட் பிடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒப்பரேசன்தான் என்றார்கள். நாளும் குறித்தார்கள்.

"முதுகில ஒரு ஊசி போடுவோம். இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிரும். நீங்க முழிச்சிருக்கலாம், பிள்ளை அழுற சத்தத்தக் கேக்கலாம்" என்றார் டொக்டர். "ஆனா ஊசி போடுற நேரம் அசையக் கூடாது. நீங்க ரத்தம் எடுக்கவே இந்தக் குதி குதிக்கிறீங்க. அசைஞ்சா முழுசா மயக்கித்தான் செய்யணும்."

திரும்பி வரும்போது (என் வண்டிக் குலுக்கல் அவளுக்கு ஆகாது) பஸ்ஸில் சுகந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். பெல்மதுளை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அது மொதல்ல அழுறப்ப நான் தூங்கிக்கிட்டு இருக்கக் கூடாதுங்க. இத்தன வருசம் காத்திருந்தது அதுக்குத்தானே. ஆனா ஊசிய நெனச்சாலே முதுகு தன்னால துள்ளுதே, நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டியவன் நான். எப்படிச் சொன்னேன் என்பதுதான் கதை.

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். என் மாமியாரும் வந்திருந்தார். சுகந்தி கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். பூசாரி தட்டை நீட்டினார். எனக்கு உள்ளே என்னவோ பொங்கியது. (கற்பூரப் புகையாக இருக்கலாம்.)

"ஆத்தா, இவ ஆடாம அசையாம முதுகில ஊசி போட்டுக்கிட்டா, வர்ற திருவிழாவுக்கு நான் அலகு குத்திக்கிறேன்" என்றேன்.

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இந்தக் கன்னத்துல விட்டு அந்தக் கன்னத்துல எடுங்க பூசாரி."

மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம், பூசைக்கு உபயம் தந்தவர்கள் பெயரோடு என் பெயரையும் பூசாரி ஒலிபெருக்கியில் வாசித்தார். தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பித்தான் தைக்கிற ஊசியை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊசியை நூலுருண்டையில் குத்திவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டேன். இவள் அசையாமல் இருந்தால் என் கன்னம் போச்சு; அசைந்தால் இவள் ஆசை போச்சு. 'டொக்டர் முழுசாகவே மயக்கிவிட்டால் என்ன?' என்று என் மனதின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சுகந்தியோ கெட்டிக்காரி. அடுத்த கிளினிக்கில் இரத்தம் எடுக்க வந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸிடம், மேசையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"மிஸ், எனக்கு ஊசின்னா உசுரு போயிரும். துள்ளுவேன். மொதல்லயே சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க."

மிஸ் கோபிக்கவில்லை. "சொன்னது ரொம்ப ஹொந்தய்" என்று சிரித்தார். (நல்லது என்று அர்த்தம்.) அவளை உட்காரவைக்காமல் கட்டிலில் படுக்கவைத்தார். கையைப் பார்க்காதே, சுடுகிற தேத்தண்ணியை ஊதி ஆற்றுகிற மாதிரி மெதுவாக மூச்சை விடு, பிடித்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் சொல்லிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாத்தயாவுக்குப் பயம் இல்லதானே?" (மாத்தயா என்றால் ஐயா.)

"எனக்கா? நான் அலகு குத்தப்போற ஆளு மிஸ்" என்றேன். சொல்லும்போதே என் கை தன்னால் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்தது. "ஹலோ, கேக்கல..."

"போன உள்ள வைங்க" என்றாள் சுகந்தி. "என் மொகத்துக்கு முன்னால நில்லுங்க. எனக்குப் பிடிச்ச மொகம் அதுதான்."

இதைக் கேட்டபிறகு எந்தப் புருஷன் வெளியே போவான்? நின்றேன். அவள் என்னைப் பார்த்துத் தேத்தண்ணி ஊதினாள். நானும் அவளை மட்டும் பார்த்திருக்க வேண்டும். பாழாய்ப்போன கண் நேராக ஊசிக்குப் போனது. குழாயில் சிவப்பாக ஏறுவது தெரிந்தது. "பய வென்ன எப்பா" என்றார் மிஸ். பயப்படாதே என்று அவளுக்குச் சொன்னார். எனக்குச் சொன்னதாக நினைத்துத் தலையாட்டினேன். ஆட்டிய தலை நிற்கவில்லை. கூரை கீழே வந்தது, இல்லை, நான்தான் போனேன்.

போகிறவன் சும்மா போகாமல் பக்கத்தில் இருந்த மருந்துத் தள்ளுவண்டியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். என் மேல் கோவில் பூ மாதிரிப் பஞ்சு. கால் இரண்டும் ஸ்டூல் மேல். மிஸ் ஒரு அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த வயிற்றுப்பிள்ளைக்காரப் பெண்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு அக்கா கேட்டார்:

"அந்த அண்ணனுக்கு எத்தன மாசம்?"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த சுகந்தி என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். நான் விரலை அசைத்ததைக் கண்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு கையை நீட்டி, "சரிங்க மிஸ், இப்ப எடுங்க" என்றாள்.

"எடுத்து முடிஞ்சது" என்றார் மிஸ்.

"எப்ப?"

"மாத்தயா விழுற நேரம்."

சுகந்தி தன் கையைப் பார்த்தாள். பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் துள்ளவே இல்லை. புருஷன் விழுவதைப் பார்க்கிற மும்முரத்தில் துள்ள மறந்துபோயிருந்தாள்.

எனக்கு இனிப்புத் தேத்தண்ணி கொடுத்தார்கள். அந்த மிஸ் ஒரு வார்த்தை ஏசவில்லை. குனிந்து பஞ்சைப் பொறுக்கிக்கொண்டே, தலை சுற்றுகிறவர்கள் மூச்சை மட்டும் நம்பக் கூடாது, கால் தசையை இறுக்கி இறுக்கி விட வேண்டும் என்று எனக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

பஸ்ஸில் சுகந்தி கேட்டாள்: "அப்ப இத்தன வருசமா போன்ல பேசுனது யாரு கூட?"

"யாருமில்ல."

"தெரிஞ்சிருந்தா நானும் ஒரு போன் வாங்கியிருப்பேனே" என்றாள்.

ஒப்பரேசன் நாள் வந்தது. எங்களை உள்ளே விடமாட்டார்கள். மாமியாரும் நானும் வெளியே நின்றோம். மாமியார் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கால் தசையை இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருந்தேன். என் மனதில் வேறு மூலை எதுவும் இல்லை. 'ரெண்டு கன்னத்தையும் எடுத்துக்க ஆத்தா, அவ அந்தச் சத்தத்தக் கேக்கட்டும்' என்பது மட்டும்தான் ஓடியது.

உள்ளே நடந்ததைப் பிறகு சுகந்தியே சொன்னாள். தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்களாம். முதுகில் மருந்து தடவிய குளிர் பட்டதும் பழைய துள்ளல் கிளம்பப் பார்த்ததாம். பிடித்த முகத்தை நினைக்கலாம் என்று கண்ணை மூடினாளாம். என் முகம் வந்திருக்கிறது, பஞ்சோடு. தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"ஏன் நடுங்குறீங்க? பயமா?" என்று மயக்க மருந்து டொக்டர் கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க டொக்டர். சிரிப்பு."

ஊசியோடு நின்ற அந்த மனிதர் அவசரப்படவில்லை. "சரி, சிரிச்சு முடிங்க. நான் நிக்கிறேன்" என்றாராம். அவள் சிரித்து முடித்தாள். தேத்தண்ணியை ஊதினாள். ஊசி போய் வந்தது. பெரிய எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம், மழைக்காலத்துக் காலையில் என் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இழுக்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, பிறகு பிடித்துக்கொண்டது. "பொம்பளப் புள்ள" என்றார்கள். சுகந்தி முழித்திருந்தாள். முதல் இழுப்பிலிருந்தே கேட்டாள். அதை எனக்குச் சொல்லும்போது அவள் அழுதாள். நான் அழவில்லை. (அப்போது உண்மையிலேயே ஒரு போன் வந்தது.)

அலகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். திருவிழாவில், தப்பும் உறுமியும் முழங்க, மஞ்சள் வேட்டியோடு ஆற்றங்கரையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கன்னத்தில் வேல் நுழைந்ததுதான் தெரியும். கண்ணைத் திறந்தபோது என்னைச் சுற்றிக் கூட்டம். கழுத்தில் மாலை, வாயில் எலுமிச்சம்பழம்.

"சாமி வந்து விழுந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். "குத்துறதுக்கு முன்னாடியே ஆத்தா ஏத்துக்கிட்டா" என்று பூசாரி திருநீறு பூசினார். எழுந்திருக்கப் போனேன். கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்த சுகந்தி, "சும்மா கெடங்க. ஆத்தாவே பாவம் பார்த்து விட்டிருக்கா, நீங்க எந்திரிச்சுக் கெடுத்துறாதீங்க" என்று காதுக்குள் சொன்னாள். அம்மன் ஒருத்தனைப் பார்த்துப் பாவப்படுவதும் ஒரு வருகைதான் என்று நினைத்துக் கிடந்தேன். நான் வாங்கியதெல்லாம் எனக்குத் தகுதியில்லாத இரக்கம்தான். அந்த மிஸ் தந்தது, ஊசியோடு நின்ற டொக்டர் தந்தது, ஆத்தா தந்தது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்டார்கள். தாய் தகப்பன் வரலாம் என்றார்கள். நான் வழக்கம்போல் வண்டிக்குக் காவலாகக் கேட்டடியில் நின்றேன். வரிசையில் அவள் முறை வந்ததும், ஊசி போட வந்த மிஸ்ஸிடம் அவள் சொன்னது வெளியே எனக்கே கேட்டது.

"மிஸ், எங்க அப்பாவ உள்ள கூப்பிடுங்க. அவரு விழுந்தாத்தான் எங்க வீட்டுல யாருக்கும் வலிக்காது."

சுகந்தி ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். எனக்காகக் கட்டிலை ஏற்கெனவே காலி செய்து வைத்திருந்தார்கள்.