பெருமாள்சாமியின் புதுச் சாக்கு

பெருமாள்சாமி சிறுமலைக்குச் சைக்கிளிலேயே ஏறுவதென்று முடிவெடுத்துவிட்டார். மில் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்துத் தேய்த்து வளர்த்த தொப்பையை மலை உச்சியிலேயே இறக்கிவைத்துவிட்டு வருவதாகத் திட்டம். ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும்.

"சாமி எப்ப மலையேறும்?" என்று பக்கத்து வீட்டு ஜெயமேரி சுவருக்கு மேல் எட்டிக் கேட்டாள்.

"ஆட்டம் இப்பத்தான்க்கா ஆரம்பிச்சிருக்கு," என்றாள் மனைவி மலர்விழி.

மலர்விழிக்கு முட்டை வியாபாரம். மகள் இளவேனில் காந்திகிராமத்து விடுதிக்குப் போனபோது விட்டுப்போன லேடீஸ் சைக்கிளில், முன்கூடையில் முட்டை அட்டைகளை அடுக்கி டிபன் கடைகளுக்குப் போட்டுவருவாள். குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட ரோட்டில் தினமும் ஏழெட்டு முட்டை கீறல் விடும். எந்தக் கடைக்காரரும் அதை வாங்கமாட்டார். அவளுக்கு வயிறு எரியும். பெருமாள்சாமிக்கு வயிறு நிறையும், ராத்திரி ஆம்லெட். இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அவருடைய கியர் சைக்கிளில்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கால்களுக்குள் இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கிற உத்தேசமே அதற்கு இல்லை.

"புது ஷாக் ஃபோர்க் போடணும் மலரு."

"என்ன சாக்கு?"

"சாக்கு இல்ல, ஷாக்கு. மேடுபள்ளத்த எல்லாம் அதுவே வாங்கிக்கிரும்."

"அப்ப ஹேண்டில் குலுங்காதா?"

"டம்ளர் நிறையக் காப்பிய வச்சுட்டுப் போகலாம். ஒரு சொட்டுச் சிந்தாது."

"மெய்யாவா?" மலர்விழி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எல்லாச் சைக்கிளுக்கும் அது சேருமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் இவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டதில்லை. பெருமாள்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார்.

"அப்படியெல்லாம் சேராது. பொருத்தம் பாக்கணும். சக்கரம் என்ன சைசு, பிரேக் மாட்ட இடம் இருக்கா, எல்லாம் பாக்கணும். முக்கியமா, ஃபோர்க்குக்கு மேல ஒரு குழா நீட்டிக்கிட்டு இருக்கும். ஃப்ரேமோட கழுத்துக்குள்ள ஏறி ஹேண்டிலப் பிடிக்கிறது அதுதான். அது சில வண்டிக்கு ஒரு இஞ்ச், சில வண்டிக்கு ஒண்ணே அரைக்கால்."

"அரைக்கால் இஞ்ச்சுக்கா இம்புட்டுப் பேச்சு?"

"அரைக்கால் கூடிச்சுன்னா உள்ளயே நுழையாது. அம்புட்டும் வீண்."

"நம்ம ரெண்டு சைக்கிளுக்கும் சக்கரம் ஒரே சைசுதானங்க?"

"சக்கரம் ஒண்ணுதான். கழுத்து எப்படியோ, யாரு கண்டா?"

மலர்விழி செத்த நேரம் யோசித்தாள். "உங்களுக்கு ஆபீஸ் இருக்கு. நான் வேணா சகாயராஜ் சைக்கிள் கடையில கொடுத்து அளந்துட்டு வாரேன்."

"சரி, சைக்கிளக் கொண்டு போ," என்றார் பெருமாள்சாமி. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்? அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சாயங்காலம் பதில் தயாராக இருந்தது. "ஒண்ணே அரைக்காலாம். மெட்ராசுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு, வந்ததத் திருப்பி எடுக்கமாட்டாங்களாம்."

"திருப்பி எதுக்குக் கொடுக்கப் போறோம்?"

மலையேற வேண்டிய ஞாயிற்றுக்கு முந்தின நாள் பார்சல் வந்தது. பெருமாள்சாமி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினார். சகாயராஜ் பழைய ஃபோர்க்கைக் கழற்றினார். புதியதை எடுத்துக் கழுத்தில் வைத்தார். அது வாசலோடு நின்றுவிட்டது.

சகாயராஜ் தலையைச் சொறிந்தார். "அண்ணே, இது ஒரு இஞ்ச்சுக் கழுத்து. அண்ணி அளக்கக் கொண்டாந்தது கூடை வச்ச சைக்கிளுல்ல?"

வீட்டுக்கு வந்து பெருமாள்சாமி ஆடித் தீர்த்தார்.

"உன்னைய எந்தச் சைக்கிள அளக்கச் சொன்னேன்?"

"சைக்கிளக் கொண்டு போன்னுதான சொன்னீங்க. குறுக்கக் கம்பி வச்ச உங்க வண்டியில சேலையோட ஏற முடியுமா? என்னோடதுல போனேன். போன வண்டியத்தான அளப்பாங்க?"

"இதெல்லாம் ஒரு சாக்கா?"

"சாக்குதாங்க. ஒண்ணே அரைக்கால். கச்சிதமாப் பொருந்தும்."

பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை காலை, கூடை நிறைய முட்டையோடு தோண்டிப்போட்ட ரோட்டில் மலர்விழி மிதந்துகொண்டு போனாள். வயிற்றெரிச்சலோடு வாசலில் நின்ற பெருமாள்சாமியால் குனிந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த ஃபோர்க் அமுங்கி, அழகாக எழுந்தது. படித்தது ஒன்றும் பொய்யில்லை.

மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஜெயமேரி எதிரே வந்தாள். "சாமி மலைக்குக் கிளம்பலையா?"

"நேத்தே மலையேறிருச்சுக்கா," என்று மலர்விழி பெல்லை அடித்துக்கொண்டே போனாள்.

ராத்திரி தட்டில் வெறும் ரசம்சோறு இருந்தது. பெருமாள்சாமி அடுப்படியை எட்டிப் பார்த்தார். "வெஞ்சனம் எங்க? ஆம்லெட் போடலையா?"

"எப்படிங்க போடுறது? ஒரு முட்டைகூட உடையலையே."