கழுவிய கரி

கரியைக் கழுவியிருக்கக் கூடாது என்பது வெள்ளியங்கிரிக்குக் கழுவிய பிறகுதான் தெரிந்தது. எல்லாம் கரைந்து, பக்கெட்டில் கறுப்புத் தண்ணீர்தான் மிச்சம்.

நல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ். ஒற்றை பனியன் வெளிநாடு போவதானாலும் பிசிறு வெட்டி, கறை எடுத்து, தேய்த்து, கவரில் போட்டுத்தான் அனுப்புவார். முதலாளி மகள் தேஜஸ்ரீ ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். கூரியரில் லேபுக்கு அனுப்பச் சொல்லிக் காலையில் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பல்லடம் பக்கம் குழி தோண்டி எடுத்த பழங்காலக் கரியாம். திறந்து பார்த்தால் ஒரே மண். இந்தக் கோலத்தில் ஒரு சாம்பிள் தன் டேபிளைத் தாண்டுவதா என்று அவருக்கு மானம் போயிற்று.

சோப்புப் போடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சாம்பிள் கெட்டால் அதே மாதிரி இன்னொன்று செய்து அனுப்புவது தொழில் வழக்கம். கம்பெனி வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ராமாயியிடம் ஒரு கை கரி வாங்கினார். ஒரே சைஸ் துண்டுகளாகப் பொறுக்கி, பாலிதீன் கவரில் போட்டு, கூரியரில் சேர்த்தார். பார்க்க ஒரிஜினலைவிட ஜோராக இருந்தது.

சாயங்காலம் தேஜஸ்ரீ வந்தபோது, அதில் அப்படி என்னதான் பார்ப்பார்கள் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டார்.

"கரியில லேசான கார்பன், கனமான கார்பன்னு ரெண்டு தினுசு இருக்குதுங்ண்ணா. மழை தப்புன காலத்து மரம்னா கனமானது கொஞ்சம் கூடுதலா இருக்கும். அத அளந்தா அப்ப இங்க மழை எப்படின்னு சொல்லிப்போடலாம்."

"எந்தக் காலத்துக் கரியா இருந்தாலும் சரிதானுங்க அம்மிணி?"

"அதெப்படிங்ண்ணா? வயசையும் அளப்பாங்க. போன வருசத்துக் கரின்னா உடனே தெரிஞ்சுபோகும். என்ற படிப்பே அந்த டப்பாவுலதான் இருக்குது."

வெள்ளியங்கிரி உண்மையைச் சொல்லவில்லை. கூரியர் ஆபீசுக்கு ஓடினார், பார்சல் போய்விட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து லேபுக்குப் போன் போட்டு, லாட் ரிஜக்ட், டெஸ்ட் வேண்டாம், ரொம்ப அர்ஜண்ட் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினார். அவர்களுக்கு அர்ஜண்ட் மட்டும் புரிந்தது. பார்சல் வந்ததும், வரிசையில் கடைசியில் நிற்க வேண்டிய கரியை முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பைக் கழுவி ஊற்றிவிட்டோமே என்று நிஜமாகவே அழுகை வந்தது.

ரிசல்ட் வந்த அன்று தேஜஸ்ரீ லட்டு டப்பாவோடு வந்தாள். கரிக்கு வயது இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாம். அப்போது பல்லடம் பக்கம் இன்றைவிட நல்ல மழையாம். சாம்பிள் சுத்தமாக இருந்தது என்று லேபில் பாராட்டு வேறு.

லேபில் இருப்பவர்களுக்குக் கிறுக்கா, தனக்குக் கிறுக்கா என்று வெள்ளியங்கிரிக்குப் புரியவில்லை. கையில் லட்டோடு வாசலுக்கு ஓடி, அன்றைக்குக் கொடுத்த கரி எந்தக் கடையில் வாங்கியது என்று ராமாயியிடம் கேட்டார்.

ராமாயி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கடையிலயா? அந்தப் பிள்ளைக்குப் பல்லடத்துல குழி வெட்டுனதே எங்க வீட்டுக்காரருதாம்லா, அண்ணாச்சி. அது ஒரு டப்பா அள்ளிட்டு மிச்சத்த மூடச் சொல்லிட்டுப் போயிட்டு. நாங்க ரெண்டு மூட்டை கட்டிக் கொண்டாந்து, இந்தத் தெருச் சட்டை பூராத்தையும் அதுலதாம் தேய்க்கோம்."