உள்தாழ்ப்பாள்

நாகல் நகர் பூட்டுக் கம்பெனியில் பெண்கள் கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் உடைந்து பத்து நாளாயிற்று. உள்ளே போகிறவள் வெளியே வரும்வரை இருமிக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டுகளைக் காகிதத்தில் சுற்றும் எட்டுப் பெண்களுக்கும் தொண்டை கட்டிவிட்டது. மாசமாக இருந்த கண்ணம்மாள் வேலைக்கு வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை.

சிவனம்மாள்தான் மேஸ்திரி பேச்சிமுத்துவிடம் போனாள்.

"அண்ணே, கக்கூஸுக்கு ஒரு உள்தாழ்ப்பாள் வேணும்."

"நானா போட முடியும்? மேல சொல்றேன்."

சூப்பர்வைசர் முன்னால் கக்கூஸ் என்று சொல்லப் பேச்சிமுத்துவுக்கு வாய் கூசியது. "பொம்பளைங்க பக்கம் ஒரு கதவு சாத்த மாட்டேங்குதுங்க" என்றார். சூப்பர்வைசர் அதை, "பெண்கள் பகுதியில் ஒரு கதவுக்குப் பாதுகாப்பு இல்லை" என்று எழுதி அனுப்பினார். மேனேஜர் பதறிப்போய், இருப்பதிலேயே பெரிய பூட்டைப் போடச் சொன்னார்.

திங்கட்கிழமை கக்கூஸ் கதவில், வெளிப்பக்கம், தேங்காய் பெரிசுக்கு ஒரு பூட்டுத் தொங்கியது. சாவி மேனேஜர் மேசையில்.

"என்னண்ணே இது?"

"கதவுக்குப் பந்தோபஸ்து வந்துருச்சுல்ல?"

"சாவி எங்க கையில இல்லையே. கண்ணம்மா நிலைமையைப் பாருங்க."

மறுபடி மேலே போயிற்று. புதன்கிழமை ஆளுக்கொரு சாவி வந்தது. கூடவே வாட்ச்மேன் சடையாண்டிக்கு ஓர் உத்தரவும் வந்தது: பூட்டுத் திறந்து கிடந்தால் உடனே பூட்டிவிட வேண்டும்.

சடையாண்டி கடமை தவறாதவர். மறுநாள் சிவனம்மாள் உள்ளே இருக்கும்போதே பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் கத்தியது பட்டறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணம்மாள்தான் வந்து திறந்துவிட்டாள்.

வேர்த்து வழிய வந்தவளிடம் மேஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டினார். 14-8-58 என்று தேதி போட்டிருந்தது. வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் இடத்தில் இல்லாததற்கு மேனேஜர் விளக்கம் கேட்டிருந்தார்.

"நான் முதலாளியையே பாத்துக்கிறேன்."

"மாடிக்கு நானே போனதில்லை தாயி. அவரு யாரையும் பாக்க மாட்டாராம்."

"ஆரு சொன்னா?"

"மேனேஜர்தான்."

சிவனம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடியேறினாள். வராந்தாக் கோடியில் பியூன் இஞ்ஞாசி ஒரு கதவில் முதுகைக் கொடுத்து, கால்களை அழுத்தி ஊன்றி நின்றிருந்தார்.

"முதலாளி உள்ள இருக்காரா?"

"இருக்காரு."

"நகருங்கண்ணே, நான் பேசணும்."

"நகர ஏலாது."

"இப்படி மறிச்சுக்கிட்டு நின்னா எங்க கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்?"

இஞ்ஞாசி குரலைத் தாழ்த்தினார்.

"செத்த நேரம் பொறு தாயி. இது முதலாளியோட கக்கூஸ். உள்தாழ்ப்பாள் போடச் சொல்லி மேனேஜர்கிட்ட அவரும் எட்டு மாசமா நடையா நடக்குறாரு."